வெட்டி எடுத்த பதினோரு நிமிடங்கள்

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள், ஒரு நாவல் வேறு எழுதிவிட்டாள். ஆனாலும் பொடிசு பொடிசுதான். அந்தப் பெயரை வைத்தவன் அண்ணன். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவன் செத்துப்போனான். பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

நாவலுக்கு அவள் வைத்த பெயர் ‘கேட்பாரற்ற பெட்டி’. பேருந்து நிலையத்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பூட்டிவைக்கும் அறையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. ஏழு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஐந்து பேர் பதிலே போடவில்லை. ஒருவர் வாழ்த்தினார். ஒருவர் பக்கம் அதிகம் என்றார். கடைசியில் சொந்தக் காசில் முந்நூறு பிரதி அடித்தாள். பெயர் ராசியோ என்னவோ, முந்நூறும் கட்டிலுக்கடியில் கேட்பாரற்றுக் கிடந்தன. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று ஓசியில் வாங்கிக்கொண்டு, அட்டை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அண்ணன் கதையும் கிட்டத்தட்ட அதே கதைதான். பகலெல்லாம் திரைச்சீலைக் கடைக்காக வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பான். மாலையில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவன் போட்ட மெட்டுகளைக் கூடவே இருக்கிற அம்மாவும் அண்ணியும் கீழ்வீட்டு நாயும் தவிர யாரும் கேட்டதில்லை, அதில் நாய் எதிர்க்கட்சி. தங்கையின் நாவலை இரண்டே நாளில் படித்து முடித்தவன், அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பதினாலு மெட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“உன் புத்தகத்தையும் யாரும் வாங்கல, என் பாட்டையும் யாரும் கேக்கல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி ஜனங்க காதுல ஊத்திடுவோம்,” என்றான்.

பாட்காஸ்ட் அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுப் படுக்கையறையில் பதிவு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க, கடையில் கழித்துப்போட்ட மாதிரித் துணிகளை நாலு சுவரிலும் தொங்கவிட்டிருந்தான். மின்விசிறி ஓடினால் மைக்கில் இரையும் என்று அதையும் நிறுத்திவிடுவான். அந்தப் புழுக்கத்தில் அவள் ஒரு அத்தியாயத்திலிருந்து பத்து நிமிடம் வாசிப்பாள். அவன் அதற்கான மெட்டை வாசித்துக்கொண்டே முனகிப் பாடுவான். அப்புறம் இரண்டு பேரும் கால்மணி நேரம் வாய்ச்சண்டை போடுவார்கள். உண்மையைச் சொன்னால், ஜனங்கள் கேட்டது அந்தச் சண்டையைத்தான். “என் தங்கச்சி மூணு பக்கத்துக்கு மழையை எழுதியிருக்கா, குடை பிடிச்சுட்டுப் படிங்க,” என்று அவன் சொன்ன வாரத்தில்தான் முதல்முறையாகக் கட்டிலுக்கடியில் இடம் காலியாயிற்று.

பதிவானதை வெட்டி ஒட்டுவது அவள் பொறுப்பு. கண்ணாடி வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி அரைத்துப் பழகிய கை அது, மயிரிழை பிசகாது. மூச்சுச் சத்தம், இருமல், நாற்காலி முனகல், ‘இதை வெட்டிடு’ என்று அண்ணன் சொல்கிற இடங்கள் எல்லாவற்றையும் சீவி எடுத்துவிடுவாள். சீவியதை அழிப்பதில்லை. எதையும் தூக்கிப்போடாதே, ஒருநாள் உதவும் என்பது துணிக்கடைக்காரனின் வேதம். அதனால் வெட்டின துண்டெல்லாம் ‘குப்பை’ என்று பெயர் வைத்த ஒரு ஃபைலில் வரிசையாகப் போய்ச் சேரும்.

ஒன்பது எபிசோடு வெளியாகி, பதின்மூன்றாவது வரை பதிவாகியிருந்த சமயத்தில் அண்ணி ஒரு பழைய இரும்பு பீரோ வாங்கினாள். தெரிந்தவர்கள் வீடு காலிசெய்துகொண்டு போகிறார்கள், நல்ல பீரோ, விட்டால் கிடைக்காது. வண்டிக்காரர் ஒருபக்கம், அண்ணன் ஒருபக்கம் பிடித்து மூன்று மாடி ஏற்றினார்கள். பீரோவைக் கதவோரம் நிறுத்திவிட்டு அண்ணன் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அண்ணி சொம்போடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தான். நாற்பத்திரண்டு வயது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணியிடம் ஒன்றுதான் கேட்டார். “இதுக்கு முன்னால மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணுமே சொல்லலையே,” என்றாள் அண்ணி.

அம்மா அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லுப்போல இருந்த பிள்ளை, ஒரு பீரோவைத் தூக்கச் சொன்னாள், போய்ச் சேர்ந்துவிட்டான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதையே சொன்னாள். மருமகள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ‘அவ’, ‘இவ’ என்று சுவரிடம் பேசினாள். அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தன்னைப் பற்றிய அந்தக் கதையை நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். மாமியார் சொல்வதை அவளே நம்பினாள் என்பதுதான் விஷயம். பீரோ நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஒரு கைக்குட்டைகூட அதற்குள் போகவில்லை.

பொடிசு அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கே அது கொஞ்சம் ஆச்சரியம்தான். காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூடத் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வீடு நிறைய ஆட்கள். காலை ஆறு மணிக்கு யாரோ ஒருவர் ஃபோனிலிருந்து அண்ணன் சிரித்தான். பத்தாவது எபிசோடு. முன்கூட்டியே நேரம் குறித்து ஏற்றிவைத்திருந்தது, தானாக வெளியாகிவிட்டது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பொடிசு செய்ததெல்லாம், ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று கவனித்ததுதான்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் மற்ற மூன்றும் வந்தன. விஷயம் வெளியே தெரிந்ததும் கேட்பவர்கள் பெருகினார்கள். செத்தவன் சிரிப்புக்கு மவுசு அதிகம். நாவல் தீர்ந்து மறுபடி அச்சுக்குப் போயிற்று. கமெண்ட்டுகளுக்கெல்லாம் அவள் ‘நன்றி’ என்று பதில் போட்டாள். பதின்மூன்றாவதில் அண்ணன் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்பான். அதற்குக் கீழே ஒருவர், ‘என்ன ஒரு மூச்சு!’ என்று எழுதியிருந்தார். அதற்கும் நன்றி போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய புத்தகப் பாட்காஸ்ட் நடத்துகிற ஒருவர் கூப்பிட்டார். அவர் நிகழ்ச்சியில் பேர் வந்தால் புத்தகம் எங்கேயோ போய்விடும் என்பார்கள். வெண்ணெய் தடவின குரல்.

“கடைசி எபிசோடுக்கு முன்னால நம்ம நிகழ்ச்சிக்கு வாங்க. நாவலைப் பத்தி, பாட்டைப் பத்தி ஒரு மணி நேரம் பேசலாம். அண்ணனோட வெளிவராத துண்டு ஏதாவது இருக்கா? சிரிச்சது, உளறினது, அந்த மாதிரி. ஒரு நிமிஷம் போதும். ஜனங்க அழுதுடுவாங்க.”

“பாக்குறேன் சார்,” என்றாள்.

மறுநாள் கடையில் மதிய இடைவேளை. பின்பக்கம், வில்லை அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குப்பை ஃபைலைத் திறந்தாள். பதினோரு நிமிடம் ஓடுகிற ஃபைல். சிரிப்பு எங்கேயாவது கிடைக்கும் என்று முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இருமல். “இரு, இரு… வெட்டிடு.” மறுபடி இருமல். ஒரு நீளமான மூச்சு, பாதியில் நின்று, மறுபடி ஆரம்பிக்கிற மூச்சு. “மாடி ஏறினதுல. ஒண்ணுமில்ல, நீ படி.” அப்புறம் அவள் குரல்: “தொப்பையைக் குறைண்ணா, கீபோர்டு உன்மேல சாஞ்சு நிக்குது.” அவன் சிரிக்க ஆரம்பித்து முடிக்கவில்லை. “இடது தோளு பிடிச்சிருக்கு… வெட்டிடு.” மூச்சு. மூச்சு. “ஏன் இவ்ளோ வேர்க்குது எனக்கு?” அவள் குரல்: “ஃபேன் இல்லாம எனக்கும்தான் வேகுது, சீக்கிரம்.” அப்புறம் அந்த நீண்ட சுரம், ஐந்து முறை. ஐந்து முறையும் பாதியில் உடைந்தது. மூன்று துண்டிலிருந்து எடுத்து ஒட்டி அவள்தான் அதை ஒரே மூச்சாக்கியிருந்தாள். கடைசியில், “ஒரு நிமிஷம் படுத்துக்கிறேன். ஓடட்டும்.” அதற்குப் பிறகு முனகல்கூட இல்லாத இரண்டு நிமிட அமைதி. அதை ஒரே தட்டில் நீக்கியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வேலை சுளுவாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

தனித்தனியாக ஞாயிறு ஞாயிறாகக் கேட்டபோது அவை வெறும் சத்தம். சேர்த்துக் கேட்டபோது ஒரு மனிதன் மூன்று மாதமாகச் செத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் காதுக்குள் வைத்து, ஓட்டி ஓட்டிக் கேட்டுத்தான் வெட்டியிருக்கிறாள். உலகத்தில் வேறு எவருக்கும் கிடைக்காத சாட்சி அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் அதற்குக் குப்பை என்று பெயர் வைத்தாள்.

இடைவேளை முடிந்து வெளியே வந்தாள். வாடிக்கையாளர் ஒருவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டாள். “நல்லாத் தெரியுதும்மா,” என்றார் அவர். சரி என்றாள்.

அழித்துவிடலாம். ஒரு தட்டு போதும், ஃபைலும் இல்லை, சாட்சியும் இல்லை. புத்தகம் மறுபதிப்பு வருகிறது, நிகழ்ச்சிக்குப் போகலாம், பதினாலாவது மெட்டோடு கதையை முடித்துவிடலாம். அண்ணி மட்டும் ஆயுசுக்கும் அந்தப் பீரோவைச் சுமந்துகொண்டிருப்பாள். சொன்னால் அண்ணி இறக்கிவைப்பாள், அப்புறம் அதை எடுத்துச் சுமக்க வேண்டிய தலை யாருடையது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பயமோ துக்கமோ வரும் என்று காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோணலாகப் பொருத்திய வில்லையை அப்படியே கொடுத்து அனுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். வெண்ணெய்க்குரல்காரருக்கு, ‘தர்ற மாதிரி எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டு, சனிக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுப் படியேறினாள்.

அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அண்ணி காய்ந்த துணிகளை நாற்காலியில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். பீரோ பக்கத்திலேயே இருந்தது.

“அண்ணி, ஒண்ணு கேக்கணும் நீங்க. இதை மாட்டிக்கோங்க.”

“அவர் குரலா? வேணாம்டி. வெள்ளிக்கிழமை வந்தா நான் காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கேன்.”

“இது வெளிய வராதது. நான் வெட்டினது.”

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் இருமலுக்கே கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்தாள். பதினோரு நிமிடமும் பொடிசு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி இரண்டு நிமிட அமைதியில் ஹெட்போன் நின்றுவிட்டதோ என்று அண்ணி ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு கையை எடுத்துவிட்டாள்.

“எத்தனை நாளா?”

“மூணு மாசம்.”

“ஒவ்வொண்ணையும் கேட்டுத்தானே வெட்டணும்?”

“ஆமா.”

“உன்கிட்டதான் சொல்லியிருக்கார்.”

“என்கிட்ட சொல்லல அண்ணி. வெட்டச் சொன்னான். வெட்டினேன்.”

அண்ணி பீரோவைப் பார்த்தாள். “அப்ப இது இல்ல,” என்றாள்.

“இதுவும்தான். ஆனா இது கடைசி. இது இல்லேன்னா வேற ஒண்ணு.”

“தெரிஞ்சிருந்தா நான் தூக்கச் சொல்லியிருப்பேனாடி?”

“சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

திட்டுவாள் என்றுதான் பொடிசு வந்தாள். ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அண்ணி துணி மடிப்பதைத் தொடர்ந்தாள். ஒரு துண்டு, ஒரு தலையணை உறை. மூக்கை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“அத்தைக்கு இதைச் சொல்லாதே,” என்றாள்.

“ஏன்?”

“சொன்னா உன்னை மொத்தமா அறுத்து விட்டுடுவாங்க. பீரோன்னே இருந்துட்டுப் போகட்டும். மாமியார் வாய் எனக்குப் பதினாலு வருஷமாப் பழகிடுச்சு. உனக்குப் பழக்கம் இல்ல. எனக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல, அது போதும்.”

பொடிசு எதிர்பார்க்காத இடத்தில் அது பட்டது. தன்னைக் கொலைகாரி என்று சொல்கிற வீட்டில், நிஜமாகக் கைப்பிழை செய்தவளுக்குக் குடை பிடிக்கிறாளே இவள் என்று நினைத்தாள். குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள், கோணலாக வந்தது. ஐந்து வாரத்தில் உடம்பு காட்டிய முதல் அசைவு அதுதான், அவள் அதைச் சரியாக அடையாளம்கூடக் கண்டுகொள்ளவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கம்போலப் பீரோவிடம் பேசினாள். “நிக்குது பாரு, எமன் மாதிரி. ஒருத்திக்கு ஆசை, ஒருத்திக்கு வயிறு எரியணும்.”

அண்ணி மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

“அண்ணி, இருங்க,” என்றாள் பொடிசு. “அம்மா, இங்க வந்து உக்காரு. பீரோவை விடு.”

“நான் ஏண்டி விடணும்?”

“அண்ணனுக்கு மூணு மாசமா நெஞ்சு சரியில்ல. மூச்சு வாங்கியிருக்கு, தோள் வலிச்சிருக்கு, வேர்த்திருக்கு. எல்லாம் என் காதுல விழுந்துச்சு. சத்தம்னு நெனச்சு வெட்டிப் போட்டுட்டேன். தொப்பைன்னு கேலி வேற பண்ணினேன். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்.”

அண்ணி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல். பொடிசு அம்மாவை இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்து, நரைத்த முடியை ஒதுக்கி, ஹெட்போனைக் காதில் பொருத்தினாள். ஓடவிட்டாள்.

அம்மா கேட்டாள். மகன் குரல் வந்ததும் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் உதடு அசைந்தது. ‘தண்ணி குடிப்பா’ என்று சொன்னது போலிருந்தது. மருந்துப் பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பதினோரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று பொடிசுக்குத் தோன்றியது. இவ்வளவையுமா வெட்டினோம் என்றும் தோன்றியது.

முடிந்ததும் அம்மா ஹெட்போனைக் கழற்றினாள். அதன் ஒயரைப் பொறுமையாகச் சுற்றி மேசைமேல் வைத்தாள். மகளைப் பார்க்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். அண்ணி நின்றிருந்த இடத்துக்குப் போய், ஐந்து வாரத்தில் முதல்தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா, நீ சாப்பிட்டியா?”

“இல்ல அத்தை,” என்று சொல்லும்போதே அண்ணிக்கு உடைந்துவிட்டது. அம்மா அவள் கையிலிருந்த துணியை வாங்கி நாற்காலியில் போட்டாள். தோளைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அழுகை உள்ளேயிருந்து வந்தது, முதலில் ஒரு குரல், அப்புறம் இரண்டு குரல்.

பொடிசு நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. இத்தனை நாள் எங்கேயோ நின்றுகொண்டிருந்த வலி அப்போதுதான் வந்தது, மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பித்தால் குத்துமே, அப்படி, உடம்பு முழுக்க. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணா என்று சொல்லிப் பார்த்தாள்.

உள்ளே அழுகை ஓய்ந்து, சட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தட்டு எடுத்துவைக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது தட்டு வைக்கிறார்களா என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.